கடையின் கழிப்பறையை வாடிக்கையாளருக்குத் திறந்துவிடலாமா?

கேள்வி: சிறிய ஆயத்த ஆடைக் கடை நடத்துகிறேன். நானும், வேலைக்கு இரண்டு பெண்களும் இருக்கிறோம். சரக்கு அறையைத் தாண்டிப் பின்பக்கம் ஒரே ஒரு கழிப்பறை. முன்பெல்லாம் யார் கேட்டாலும் விட்டுவிடுவோம். இரண்டு மாதத்துக்கு முன் யாரோ நாப்கினை உள்ளே போட்டு அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து எடுக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நாங்கள் மூவரும் பக்கத்துக் கடையில் போய் நின்றோம். அதிலிருந்து, கேட்கிறவர்களிடம் "டாய்லெட் இல்லை" என்று சொல்லிவிடச் சொன்னேன். போன வாரம் வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் கேட்டார். வேலை செய்யும் பெண் அப்படியே சொல்லிவிட்டாள். அவர் மனைவி மூன்று உடைகளை எடுத்து மேஜையில் வைத்திருந்தார். அப்படியே விட்டுவிட்டு இருவரும் வெளியே போனார்கள், திரும்பி வரவில்லை. எனக்கு மனது கேட்கவில்லை. கணவரோ, "ஒருத்தருக்குக் கதவைத் திறந்தா தெருவே வந்து நிற்கும்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

திறந்துவிடுங்கள். கடைக்குள் வாடிக்கையாளராக வந்தவர் கேட்டால் கொடுங்கள். ஆனால் நாளைக் காலையிலேயே வேண்டாம். அதற்கு முன் இரண்டு வாரம் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. முதல் தடவை அந்த வேலையைச் செய்யாமல் திறந்துவைத்திருந்தீர்கள், அடைத்துக்கொண்டது. கோபத்தில் மூடினீர்கள், ஒரு நல்ல வாடிக்கையாளர் போனார்.

இன்றைக்கே நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. "இல்லை" என்ற அந்தச் சொல். மூன்று பெண்கள் காலையிலிருந்து இரவு வரை இருக்கிற கடையில் கழிப்பறை இல்லாமல் இருக்காது என்று கேட்கிறவருக்குத் தெரியும். "கொடுக்க முடியாத நிலைமைங்க" என்றால் அவருக்கு வருத்தம் வரும், அதோடு போகும். "இல்லை" என்றால், பொய் என்று தெரிந்தும் தலையாட்டிவிட்டுப் படியிறங்க வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்கு அது நெடுநாள் மறக்காது.

அவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழிப்பறை தேடிப் போயிருக்கிறார்கள். மேஜையில் உடைகளை விட்டுப் போனது அவசரத்தில். திரும்பி வராததற்கு என்னென்னவோ காரணம் இருக்கலாம். அதில் ஒன்று, போய்ச் சேர்வதற்குள் தாமதமாகிவிட்டது என்பதும் இருக்கலாம். அப்படி நடந்திருந்தால் உங்கள் கடை இருக்கிற பக்கமே அவர் வரமாட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் கடைக்காரர்களில் பெரும்பாலோர் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். "கொஞ்சம் அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமே" என்று அவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. நல்ல ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். அதில் பாதி நிறைவதற்கு முன்பே முதல் உணர்வு வந்துவிடும். அந்த முதல் உணர்வுக்கும் இனி முடியாது என்ற கட்டத்துக்கும் நடுவே நமக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கிடைக்கிறது. வயதான ஆண்களில் பலருக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கும். அவர்களுக்கு அந்த இடைவெளி சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மாத்திரை போட்ட ஓரிரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டத் தொடங்கும், பிறகு சில மணி நேரம் விடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், கர்ப்பிணி, பிரசவமாகிச் சில மாதமே ஆனவர், குடல் அழற்சி உள்ளவர், மூன்று வயதுக் குழந்தை: இவர்கள் யாருக்கும் "கொஞ்சம் பொறுங்கள்" என்பது பொருந்தாது. இவர்களில் எத்தனை பேரை முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியும்? கர்ப்பிணியையும் குழந்தையையும் தவிர ஒருவரையும் முடியாது.

குடல் அழற்சி என்றேன் அல்லவா, அதையொட்டி ஒரு சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில், க்ரோன் நோய் என்ற குடல் அழற்சி உள்ள 14 வயதுப் பெண் தன் தாயுடன் ஒரு கடைக்குப் போயிருந்தாள். வயிறு முறுக்கியது. கடையில் ஊழியர்களுக்கான கழிப்பறை இருந்தது. தாய் நோயைச் சொல்லிக் கேட்டும் தர மறுத்துவிட்டார்கள். கடைக்குள்ளேயே உடையிலேயே ஆகிவிட்டது. தாயும் மகளும் அதை அப்படியே விடவில்லை. 2005இல் இல்லினாய் மாநிலம், இப்படிப்பட்ட நோய் உள்ள வாடிக்கையாளர் கேட்டால் ஊழியர் கழிப்பறையைக் கடை தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அந்தப் பெண்ணின் பெயரால் 'ஆலி சட்டம்' என்று அதைச் சொல்கிறார்கள். பிறகு வேறு பல மாநிலங்களும் அதேபோலச் செய்தன. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் கடை உரிமம் வாங்கிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்; உட்கார்ந்து சாப்பிடும் இடங்களுக்கு ஒரு விதி, துணிக்கடைக்கு வேறொரு விதி என்று இருப்பது பல நாடுகளில் வழக்கம். நான் இல்லினாய் சட்டத்தைச் சொல்வது அதன் நிபந்தனைகளுக்காக. கடைக்காரர் பக்கத்தையும் யோசித்து எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கடையில் மூன்று ஊழியர்களாவது வேலையில் இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகிற வழியில் வெளிப்படையான ஆபத்தோ, கடையின் பாதுகாப்புக்குச் சிக்கலோ இருக்கக் கூடாது. பக்கத்திலேயே பொதுக் கழிப்பறை இருந்தால் கட்டாயமில்லை. இதற்காகக் கடையில் எதையும் இடித்துக் கட்டத் தேவையில்லை.

இந்த நான்கையும் உங்கள் கடையோடு வைத்துப் பாருங்கள். ஆள் எண்ணிக்கையில் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். உங்கள் உண்மையான பிரச்சினை இரண்டாவதில் இருக்கிறது: வழி, சரக்கு அறை வழியாகப் போகிறது.

அதற்கு வருகிறேன். முதலில், கழுவுவது யார்?

உங்கள் கடிதத்தில் அடைப்பு இருக்கிறது, பிளம்பர் இருக்கிறார், கணவர் இருக்கிறார். தினமும் அந்த இடத்தைக் கழுவுகிறவர் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு பெண்களில் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் பெரியவருக்கு "இல்லை" என்று சொன்னவளும் அவள்தானா என்று பாருங்கள். நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னாள், சரி. ஆனால் நீங்கள் சொல்வதற்கு முன்பே பல தடவை அவளாகவே சொல்லியிருப்பாள்.

ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் நான் பல வருடம் கடைகளில் மேற்பார்வையாளராக இருந்தவன். ஒரு கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண், யார் கழிப்பறை கேட்டாலும் "தண்ணி வரலை" என்பாள். நான் போய்க் குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் பீறிட்டது. திமிர் என்று எண்ணி முதலாளியிடம் சொல்லலாம் என்றிருந்தேன். அன்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு கணக்கு முடிக்க நின்றவன், அவள் பின்பக்கம் போவதைப் பார்த்தேன். கையில் துணி போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் கவரை மாட்டி, நழுவாமல் இருக்க மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். கையுறை யாரும் வாங்கித் தரவில்லை. கடைசிப் பேருந்து போய்விடும் என்று அவசர அவசரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, நேரமும் இல்லை; கடை மூடிய பிறகு அவளுடைய நேரத்தில் நடந்தது அது. ஒவ்வொரு "தண்ணி வரலை"க்கும் இரவில் இரண்டு நிமிடம் அவளுக்கு மிச்சமானது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கொடுப்பதா வேண்டாமா என்று கல்லாவில் நின்று பதில் சொல்கிறவரும், பிறகு கழுவுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், முதலாளி என்ன விதி போட்டாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே திறப்பதற்கு முன் கழுவும் வேலையைப் பேசி முடியுங்கள். தனியாக ஒருவரை தினமும் ஒரு வேளை வரச் சொல்ல முடிந்தால் நல்லது. இல்லையென்றால் மூவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். மூவர் என்றால் உங்களையும் சேர்த்துத்தான். அல்லது அந்தப் பெண்ணுக்கு அதற்கென்று மாதம் ஒரு தொகையைத் தனியாகக் கொடுங்கள், சம்பளத்தோடு கலக்காமல். எதுவானாலும் கடை நேரத்துக்குள் நடக்கட்டும். கையுறை, நீளக் கைப்பிடி பிரஷ், அந்த அறைக்கென்றே ஒரு ஜோடி செருப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

கழுவுவது பற்றி இரண்டு விஷயங்கள், தெரியாமல் பலர் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கறை போக ஆசிட் ஊற்றிவிட்டு அதன்மேலேயே ப்ளீச் ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ப்ளீச்சையும் அம்மோனியா கலந்த திரவத்தையும் சேர்ப்பதும் அப்படித்தான். இன்னொன்று, கடையில் கைகழுவும் இடத்தில் சானிடைசர் பாட்டிலை வைத்துவிட்டு சோப்பை மறந்துவிடுகிறார்கள். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் போன்றவற்றின் மேல் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

இப்போது வழி. ஒரு நாள் கடை திறப்பதற்கு முன் உங்கள் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் போல, வாசலிலிருந்து கழிப்பறை வரை நடந்து பாருங்கள். கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணுங்கள். பிரிக்காத சரக்குப் பெட்டி, பில் புத்தகம், உங்கள் பெண்களின் கைப்பைகள், சார்ஜில் கிடக்கும் கைபேசி, இஸ்திரிப் பெட்டி, தரையில் ஓடும் ஒயர். திருட்டைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள். அந்தப் பெரியவர் அந்த ஒயரில் கால் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்றும் நினையுங்கள். பெட்டிகளை ஒரு பக்கச் சுவரோடு அடுக்கி, அதற்கு முன்னால் ஒரு தடித்த திரையை இழுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பணமும் கைப்பைகளும் பூட்டுகிற அலமாரிக்குள் போகட்டும். வெளிச்சம் போதாது என்றால் ஒரு விளக்கு. அந்த நடைபாதை மட்டும் தெரியும்படி ஒரு கேமரா வைக்கலாம். கழிப்பறைக் கதவு திறந்தால் உள்ளே தெரிகிற கோணத்தில் அது இருக்கவே கூடாது. இதில் சந்தேகத்துக்கு இடமே வேண்டாம்.

பிறகு உள்ளே போய்க் கதவைத் தாழ் போடுங்கள். தாழ்ப்பாள் ஒரே கையால் விழுகிறதா? உங்கள் தோளில் இருக்கும் பையை எங்கே மாட்டுவீர்கள்? எத்தனையோ கடைகளில் பார்த்துவிட்டேன்: டைல்ஸ் புதிதாக இருக்கும், கண்ணாடி இருக்கும், கதவின் உள்பக்கம் ஒரு கொக்கி இருக்காது. ஒரு பெண் கைப்பையோடும் வாங்கிய உடைப் பையோடும் கைக்குழந்தையோடும் உள்ளே போகிறார். தரை ஈரம். ஃப்ளஷ் தொட்டியின் மூடி மேல் பையை வைத்தால் வழுக்கிக் கீழே விழும். கடைசியில் பையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு சமாளிக்கிறார். வெளியே வரும்போது அவர் முகத்தில் நன்றி இருக்காது. இரண்டு கொக்கிகள் அடிக்க ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும்.

கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா என்றும் பாருங்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால், வெளியிலிருந்து நாணயம் கொண்டு திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். உட்கார்ந்து எழ ஒரு கைப்பிடியைச் சுவரில் பதித்துவிட்டால் முட்டி வலிக்காரர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

அடைப்புக்கு வருவோம். நாப்கினை உள்ளே போட்டவர் உங்களைப் பழிவாங்கப் போடவில்லை. வேறு எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மூடியோடு ஒரு குப்பைக்கூடை, காலால் மிதித்தால் திறக்கிற மாதிரி, உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் பழைய செய்தித்தாள் துண்டுகளோ சின்னக் கவர்களோ. கூடைக்கு நேர் மேலே, கண் மட்டத்தில், "நாப்கின், டயாப்பர், ஈரத்துடைப்பான் இங்கே" என்று எழுதி ஒட்டுங்கள். "டாய்லெட்டுக்குள் போடாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் வேலைக்காகாது. அப்போதும் கையில் இருப்பதை என்ன செய்வது என்ற கேள்வி நிற்கும். ஈரத்துடைப்பானைக் குறிப்பாகச் சொல்கிறேன். கழிப்பறையில் போடலாம் என்று உறையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். காகிதம் போல அது தண்ணீரில் கரைவதில்லை, குழாயில் கொழுப்போடு சேர்ந்து கட்டியாகிவிடும்.

தண்ணீர்ச் செலவு பற்றிப் பலர் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு தடவைக்கு 13 லிட்டர் வரை கொட்டும். இப்போது வருபவை பெரும்பாலும் 6 லிட்டர். இரண்டு பொத்தான் உள்ளவற்றில் சின்னப் பொத்தான் 3 லிட்டர். உங்கள் அளவு கடையில் நாளைக்குப் பத்துப் பேர் கேட்டால் அதிகம். புதுத் தொட்டியானால் மிஞ்சிப்போனால் 60 லிட்டர். ஒழுகிக்கொண்டே இருக்கும் ஒரு ஃப்ளஷ் வால்வு இதைவிடப் பல மடங்கு தண்ணீரை நாள் முழுக்கச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

இனி உங்கள் கணவர் சொன்னது. அவர் பயம் பொய்யில்லை. தெரு வந்து நிற்காது. ஆனால் "வாடிக்கையாளர்" என்பதற்கு எல்லை எது என்ற சண்டை வரும். வாங்கியவருக்கு மட்டுமா, வாங்க வந்தவருக்குமா? அதற்கு உலகமே பார்த்த ஒரு கதை உண்டு. 2018 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் காபிக் கடையில் கறுப்பின இளைஞர்கள் இரண்டு பேர், ஒருவருக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் கழிப்பறை கேட்டார். எதுவும் வாங்கவில்லை என்று மறுத்தார்கள். வெளியே போகச் சொன்னார்கள், அவர்கள் போகவில்லை, போலீசைக் கூப்பிட்டார்கள், இருவருக்கும் விலங்கு மாட்டினார்கள். வாங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர் அந்தக் கடைகளில் தினமும் உண்டு என்பதுதான் விவகாரம் பெரிதானதற்குக் காரணம். அடுத்த மாதம் அமெரிக்காவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை ஒரு மதியம் மூடி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யாரும் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார்கள். ஏழு வருடம் கூட ஆகவில்லை. 2025 ஜனவரியில் அதை மாற்றி, வாடிக்கையாளர்களுக்குத்தான் என்று திரும்பிவிட்டார்கள்.

இந்தக் கதையை இரண்டு பக்கத்தாரும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துச் சொல்வார்கள். "பார்த்தாயா, அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே எல்லாருக்கும் திறந்து வைக்க முடியவில்லை" என்று உங்கள் கணவர் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. எல்லாருக்கும் திறப்பது ஊராட்சியும் நகராட்சியும் செய்ய வேண்டிய வேலை, அதை ஒரு சின்னக் கடையின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் தப்பு எங்கே நடந்தது? யாருக்குக் கொடுப்பது என்று அந்த நேரத்தில், ஆளைப் பார்த்து, ஒரு ஊழியர் முடிவெடுத்தார். உங்கள் கடையிலும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. நன்றாக உடுத்தி வந்தவர் கேட்டால் அந்தப் பெண் தயங்குவாள், "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்பாள். செருப்பு தேய்ந்தவர் கேட்டால் சட்டென்று "இல்லை" வந்துவிடும். அவளைக் குறை சொல்லவில்லை. விதி இல்லாத இடத்தில் யாராக இருந்தாலும் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே விதியை நீங்கள் எழுதிக் கொடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: கடைக்குள் வந்து துணி பார்க்கிறவர், அவரோடு வந்தவர், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கேட்டால் கொடு. தெருவில் போகிறவர் கேட்டால், குழந்தை, கர்ப்பிணி, முதியவர், உடம்பு சரியில்லை என்று சொல்கிறவர், இவர்களுக்குக் கேள்வி கேட்காமல் கொடு. நோய் என்ன என்று விசாரிக்காதே, டாக்டர் சீட்டு கேட்காதே. மற்றவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்கு வழி சொல்.

நாலு பேர் ஏமாற்றுவார்கள். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போவார்கள். போகட்டும். ஒன்றுக்குப் போவதற்காக ஒருவர் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அவருக்கு அது அவசரமாகத்தான் இருந்திருக்கும்.

கொடுக்கவே கூடாத நேரங்களும் உண்டு, அதையும் எழுதி வையுங்கள். கடையில் ஒருத்தி மட்டும் தனியாக இருக்கும்போது வேண்டாம். கடை மூடுவதற்கு முந்தைய அரை மணி, கல்லாவில் பணம் எண்ணும் நேரம், வேண்டாம். குடித்துவிட்டு வந்தவருக்கு வேண்டாம். உங்கள் பெண்களின் பாதுகாப்பு என்று வரும்போது விதியைக் காட்டி விளக்கம் சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. அவர்களுக்குச் சரிப்படவில்லை என்றால் மறுக்கலாம், நீங்கள் அவர்கள் பக்கம் நிற்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போது சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் பழக்கிவிடுங்கள்: "இப்ப குடுக்க முடியாத நிலைமைங்க, மன்னிச்சுக்கோங்க. இந்தப் பக்கம் போனா பொதுக் கழிப்பறை இருக்கு." தூரம் எவ்வளவு, எந்தத் திருப்பம், எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கடை ஊழியர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் மதியம் மூவரும் நடந்து போய்ப் பார்த்து வாருங்கள்.

காசு வாங்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். வாங்காதீர்கள். காசு கொடுத்துப் போகும் கழிப்பறை பழைய கதைதான். 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற குழாய்ப் பொறியாளர் ஃப்ளஷ் கழிப்பறைகளை அமைத்து, ஆளுக்கு ஒரு பென்னி வாங்கினார். 8,27,280 பேர் கொடுத்துவிட்டுப் போனதாகக் கணக்கு இருக்கிறது. அந்தக் காசுக்குச் சுத்தமான இருக்கை, துண்டு, சீப்பு எல்லாம் கிடைத்தன. காசு வாங்கிவிட்டால் நீங்களும் அந்த அளவுக்குக் கொடுத்தாக வேண்டும். ஈரத்தரையும் சோப்பில்லாத குழாயும் இருந்தால் சண்டைதான் வரும். துணி விற்கிற இடத்தில் அந்தச் சில்லறைக்கு ஒரு தகராறு எதற்கு?

வேறொரு யோசனை பரவாயில்லை. ஜெர்மனியில் ஆலன் என்ற ஊரில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய ஏற்பாடு அது. கடைகளும் உணவகங்களும் வாசலில் ஒரு ஒட்டுப்படத்தை ஒட்டி, வாங்காதவரும் கழிப்பறைக்கு வரலாம் என்கின்றன. பராமரிப்புக்கு நகர நிர்வாகம் அவர்களுக்கு மாதாமாதம் பணம் தருகிறது. புதிதாகக் கட்டுவதைவிட நிர்வாகத்துக்கும் அது மலிவு. உங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தில் இதை ஒரு தடவை பேசிப்பாருங்கள். நாலு கடை சேர்ந்து, ஆளுக்கு ஒரு நேரம் என்று பிரித்துக்கொண்டால்கூட, அடைப்பு எடுக்கிற செலவை நாலாகப் பங்கிடலாம். நடக்கும் என்று நிச்சயமாகச் சொல்லமாட்டேன். சங்கக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

கணவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? வாதாடாதீர்கள். கல்லாவுக்குக் கீழே ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொருவர் கேட்கும்போதும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பக்கத்தில், அவர் துணி வாங்கினாரா என்று ஒரு டிக். ஒரு மாதம். தெரு வந்ததா, நாலு பேர் வந்தார்களா என்று தாள் சொல்லிவிடும். தெருதான் வந்தது என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள், விதியை இறுக்குங்கள். என் அனுபவத்தில் உங்கள் அளவு கடைகளில் ஒரு தாள் ஒரு மாதத்துக்குத் தாராளமாகப் போதும். குழந்தையோடு வந்தவர்கள், பெற்றோரோடு வந்தவர்கள் எவ்வளவு நேரம் கடையில் இருந்தார்கள் என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். துணிக்கடையில் நின்று நிதானமாகப் பார்க்கிறவர்தான் வாங்குகிறார். லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 1909இல் திறந்த செல்ஃபிரிட்ஜஸ் அங்காடி பெண்களுக்குக் கழிப்பறை கட்டி வைத்தது சும்மா இல்லை. அதற்கு முன் அந்த ஊரில் கடைவீதிக்கு வந்த பெண்கள் பலர் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தைச் சிறுநீர்ப்பைதான் முடிவு செய்தது.

எல்லாம் தயாரானதும் வாசல் கதவில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டுங்கள்: "எங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கழிப்பறை வசதி உண்டு." அவ்வளவு போதும். பெரிதாக வேண்டாம், அம்புக்குறி வேண்டாம். வாய் திறந்து கேட்பதுதான் பலருக்குக் கஷ்டம், முக்கியமாக ஆண் ஊழியர் நிற்கிற கடையில் பெண்களுக்கும், பெண்கள் நிற்கிற உங்கள் கடையில் அந்தப் பெரியவருக்கும்.

அந்த மூன்று உடைகளும் இன்னும் விற்காமல் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். வழக்கமாக வருகிறவர்கள் என்றால் பழைய பில்லில் அவர்கள் எண் இருக்கும். நீங்களே கூப்பிடுங்கள், அந்த அம்மாவைக் கேட்டுப் பேசுங்கள். கழிப்பறைப் பேச்சை எடுக்காதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள்; பெரியவர் இருக்கும் அறையில் அந்த அம்மா ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினால் அவருக்கு மறுபடியும் தலை குனியும். "நீங்க எடுத்து வெச்ச மூணும் அப்படியே இருக்கும்மா, இந்தப் பக்கம் வரும்போது பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வந்தால், வாசலில் ஒட்டியிருக்கும் சீட்டை அவரே படித்துக்கொள்வார்.